ரப்பரால் அழித்த 81

நடந்தது இவ்வளவுதான். பென்சிலால் 81 என்று எழுதியிருந்தேன். அதை அழித்துவிட்டு 88 என்று எழுதினேன். யாருக்கும் ஒரு காசு நஷ்டமில்லை, யார் மனமும் நோகவில்லை, சொல்லப்போனால் அன்றிரவு எனக்கு நல்ல பெயர்கூடக் கிடைத்தது. ஆனாலும் மூன்று மாதமாக, காலையில் பினாங்குப் பாலத்து நெரிசலில் காடி நகராமல் நிற்கும்போதெல்லாம் அந்த 81 வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொள்கிறது. எழுதிவிட்டாலாவது இறங்கிப் போகிறதா என்று பார்க்கிறேன்.

பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு நண்பர் வீட்டில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடுவோம். ஐந்து பேர். எல்லாரும் நாற்பதைத் தாண்டியவர்கள், எல்லாருக்கும் ஏதாவது ஒரு மாத்திரை உண்டு, ஆகவே குடிப்பது கொஞ்சம், பேச்சுதான் அதிகம். 20 மில்லியை ஊற்றி வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் முகர்ந்துகொண்டே இருக்கிற எங்களைப் பார்த்தால் தோட்டத்தில் வாழ்ந்து செத்த எங்கள் தாத்தாக்களுக்குச் சிரிப்பு வரும். இந்த முறை பங்கு போட்டு ஒரு 25 வருஷத்து சிங்கிள் மால்ட் விஸ்கி வாங்கியிருந்தோம். தலைக்கு 450 மலேசிய வெள்ளி. ஸ்காட்லாந்தின் ஸ்பேசைடு வட்டாரத்துச் சரக்கு; பெயர் வேண்டாம், அந்த வடிசாலை மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. 450 வெள்ளி என்பதை வீட்டில் சொல்லவில்லை. அதையும் இங்கேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

யார் போட்ட யோசனையோ, அன்றைக்குப் பெயர் தெரியாமல் சுவைத்து நூற்றுக்கு மார்க் போடுவது என்று முடிவானது. நண்பரின் மனைவி, எங்களுக்கு அண்ணி, தமிழ்ப்பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுப்பவர். ஒரு சொட்டு குடிக்கமாட்டார். அவரே சமையலறையில் ஐந்து புட்டிகளிலிருந்தும் ஊற்றி, கிளாஸ்களின் அடியில் 1 முதல் 5 வரை ஸ்டிக்கர் ஒட்டிக் கொண்டுவந்து வைத்தார். ஆளுக்கு ஒரு தாள், பள்ளிக்கூடத்து பென்சில் ஒன்று, நுனியில் ரோஸ் கலர் ரப்பரோடு. 25 வருஷம் அந்த ஐந்தில் ஒன்று என்பது எல்லாருக்கும் தெரியும். எது என்பது அண்ணிக்கு மட்டும்தான் தெரியும்.

இந்த ஏற்பாட்டில் ஒரு கோளாறு இருந்தது, அது அப்போது எனக்கு உறைக்கவில்லை. பெயரை மறைத்தோமே தவிர, 'இதில் ஒன்று பெரிய ஆள்' என்பதை மறைக்கவில்லை. ஆகவே யாரும் விஸ்கியைச் சுவைக்கவில்லை. எல்லாரும் 25 வருஷத்தைத் தேடிக்கொண்டிருந்தோம். கல்யாண வீட்டில் மந்திரி வருகிறார் என்று சொல்லிவிட்டால் வருகிறவன் போகிறவன் முகத்தையெல்லாம் உற்றுப் பார்ப்போமே, அப்படி.

ஏர்கானை 24-ல் வைத்திருந்தார் நண்பர். பினாங்கு வெக்கையில் கிளாஸைத் திறந்தாலே சாராய நெடி மூக்கில் குத்தும். ரொம்பக் குளிரவைத்தால் வாசனை கிளம்பாது. மூன்றாம் கிளாஸ் ஸ்காட்லாந்துத் தீவு ஒன்றின் புகை விஸ்கியான லாஃப்ராய்க் 10 என்பதை முகர்ந்த உடனே ஐந்து பேரும் கண்டுபிடித்துவிட்டோம், அதில் ரகசியம் இல்லை. மருந்துக் கட்டு, டிஞ்சர், கடல் பாசி, நனைந்த விறகின் புகை. முதலும் ஐந்தும் நல்ல பிள்ளைகள், அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. இரண்டாவதுதான் என்னைப் பிடித்து இழுத்தது. குலா மலாக்கா என்கிற தென்னைவெல்லம் காய்ச்சும்போது வருமே, அடி லேசாகப் பிடித்த அந்த வாசனை. அதன் பின்னால் ஆரஞ்சுத் தோல், கிராம்பு, எங்கேயோ தூரத்தில் மெல்லிய புகை. நாக்கில் கனம். விழுங்கிப் பத்து எண்ணிய பிறகும் நெஞ்சுக்குள் சூடு இறங்கிக்கொண்டிருந்தது. 89 போட்டேன். இதுதான் 25 என்று மனத்துக்குள் முத்திரையும் குத்திவிட்டேன்.

நான்காவது முகர அருமை. சந்தனப்பெட்டி, பழைய அலமாரி, காய்ந்த எலுமிச்சைத் தோல். சரி, வாயிலும் இப்படி இருந்தால் மார்க்கை அள்ளிக்கொண்டு போகும் என்று நினைத்தேன். வாயில் வைத்தால் முதல் இரண்டு நொடி தேன், அப்புறம் பாக்கு. வெறும் பாக்கு. மறந்துபோய் அரை மணி நேரம் ஊறவிட்ட தேயிலைத் தண்ணி மாதிரி, பல் ஈறெல்லாம் இழுத்துப் பிடித்துக்கொண்டது. இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன், மூக்குக்குக் கொஞ்சம் பூ வந்தது, நாக்குக்கு அதே மரப்பலகை. 81.

அண்ணி புட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து வந்து வைத்தார். இரண்டாவது, ஒருவர் பெங்களூரிலிருந்து வாங்கி வந்திருந்த அம்ருத் ஃபியூஷன், அந்த ஊர் விஸ்கி. நான்காவதுதான் 25. எங்களில் ஒருவரான டாக்டர், "நான் அப்பவே நெனச்சேன், அந்த மூக்கு ஒண்ணு போதுமே" என்றார். இன்னொருவர் கண்ணை மூடிக்கொண்டு, "என்னா ஆழம்" என்றார். தாள் என் மடியில் இருந்தது. பென்சிலைத் திருப்பிப் பிடித்து, எல்லாரும் புட்டியைக் கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்த அந்த அரை நிமிஷத்தில், 81-ஐ அழித்து 88 ஆக்கினேன். அம்ருத்தின் 89-ஐத் தொடவில்லை. அந்த அளவுக்கு நான் நேர்மையானவன். அண்ணி தாள்களை வாங்கி, கூட்டி, நான்காவதுக்குச் சராசரி 88.6 என்று சொல்லிவிட்டு, "தம்பிதான் சராசரிக்கு ரொம்பக் கிட்ட வந்திருக்காரு" என்றார். அண்ணன் என் முதுகில் தட்டினார். அந்தத் தட்டுதான் இன்னும் வலிக்கிறது.

வயசு யாருக்கு?

வீட்டுக்கு வந்து எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். 25 வருஷம் என்பது சும்மாவா? ஸ்காட்ச் விதிப்படி ஓக் பீப்பாயில் மூன்று வருஷம் கிடந்தாலே அது விஸ்கி ஆகிவிடும். புட்டியில் 25 என்று போட்டால் உள்ளே இருப்பதில் ஆகக் குறைந்த வயதுச் சொட்டுக்கும் 25 ஆகியிருக்க வேண்டும். ஸ்காட்லாந்தின் குளிரில் பீப்பாயிலிருந்து வருஷத்துக்குச் சுமார் 2 விழுக்காடு ஆவியாகப் போகிறது, தேவதைகளின் பங்கு என்பார்கள். கணக்குப் போட்டேன்: 25 வருஷத்தில் ஏறக்குறைய 40 விழுக்காடு காலி. 250 லிட்டர் பீப்பாயில் 150 லிட்டர்தான் மிச்சம். இத்தனையும் இழந்து வந்த ஒன்றுக்கு 81 போட நான் யார்?

ஆனால் அதே கணக்கு என்னைத் திருப்பி அடித்தது. பெங்களூர் வெயிலில் தேவதைகளுக்குத் தாகம் அதிகம். வருஷத்துக்கு 10 விழுக்காட்டுக்கும் மேல் போகிறது. அப்படியென்றால் அங்கே ஐந்தே வருஷத்தில் அதே 40 விழுக்காடு போய்விடும். விஸ்கி நம் ஆள்களைப் போலத்தான், வெயிலில் வேலை செய்தவனுக்கு வயசு சீக்கிரம் தெரியும். ஃபியூஷன் புட்டியில் வயசே போடவில்லை, போட்டால் சின்னப் பையன் மாதிரித் தெரியும் என்பதால் இருக்கலாம். இந்திய பார்லியோடு, பீட் எனும் சதுப்பு நிலக் கரியின் புகை ஏறிய ஸ்காட்லாந்து பார்லியையும் சேர்த்துச் செய்வது. 50 விழுக்காடு ஆல்கஹால். 2004-ல் அம்ருத் முதன்முதலில் கிளாஸ்கோவில் போய்த்தான் கடை விரித்தது. ஸ்காட்லாந்துக்காரனிடமே விஸ்கி விற்கப் போன தைரியத்துக்கு இரண்டு மார்க் தனியாகக் கொடுக்கலாம். பார்த்தீர்களா, சுவைக்குச் சம்பந்தமில்லாத காரணத்துக்கு மறுபடியும் மார்க் போடுகிறேன்.

வயசு என்பது பீப்பாயின் வேலை. மரம் முதலில் கொடுக்கும்: வனிலா, தேங்காய், கிராம்பு. அப்புறமும் விடாமல் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஒரு கட்டத்துக்கு மேல் கொடுப்பதெல்லாம் துவர்ப்பு. எந்த வருஷத்தில் எடுக்கவேண்டும் என்பது பீப்பாய்க்குப் பீப்பாய் வேறு. சிலது 40 வருஷம் தாங்கும், சிலதை 15-லேயே எடுத்திருக்க வேண்டும். நிறமும் பேசாது, ஸ்காட்ச்சில் காரமல் நிறம் சேர்க்க விதியே இடம் தருகிறது. புட்டிக்குள் போன பிறகு வயசு ஏறுவதும் இல்லை. நம் வீடுகளில் ஷோகேஸில் மகள் பட்டமளிப்புப் படத்துக்குப் பக்கத்தில் நிற்குமே ஒரு 12 வருஷப் புட்டி, இருபது வருஷமாகத் திறக்காமல்? "இப்ப அதுக்கு 32 வயசு" என்று வீட்டுக்காரர் பெருமையாகச் சொல்வார். நானும் தலையாட்டியிருக்கிறேன்.

இந்த விஷயத்தில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. அறுசுவையில் துவர்ப்புக்குத் தனி நாற்காலி போட்டு உட்காரவைத்தவர்கள் நாம். பாக்கு, மாதுளம் தோல், வாழைப்பூ, கடுக்காய் என்று அதற்குள்ளேயே நாலு வகை தெரியும். விஸ்கிக் குறிப்புகளில் வருகிற ஹெதர் பூவை நான் கண்டதில்லை, கிறிஸ்துமஸ் கேக்கை அண்டைவீட்டார் கொடுத்துச் சாப்பிட்டதோடு சரி. பல வருஷம் அந்தச் சொற்களையே கடன் வாங்கிப் பேசினேன். நான்காம் கிளாஸில் பாக்கு என்று நாக்கு சொன்னபோது அதை நம்பாமல் போனதற்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணம். பாக்கு என்ற சொல் எந்த உயர்ந்த விஸ்கியின் குறிப்பிலும் நான் படித்ததில்லை.

ஸ்மோக்ஹவுஸ்

அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, சுங்கை பட்டாணியில் இருக்கிறார். 79 வயது. கெடாவில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் ஸ்மோக்ஹவுஸில் வேலை. பால் வெட்டிக் கொண்டுவந்து, தண்ணீர் கலந்து, ஆசிட் விட்டு உறையவைத்து, வரி போட்ட ரோலரில் அரைத்து, ஷீட்டாகத் தொங்கவிட்டு, ரப்பர் கட்டை எரித்து நாலைந்து நாள் புகை போடுவார்கள். பிறகு ஷீட்டுகளைத் தரம் பிரிக்க வேண்டும். ஒன்றாம் நம்பர் முதல் ஐந்தாம் நம்பர் வரை. கடைசி இருபது வருஷம் மாமா அந்தத் தரம் பிரிக்கிற மேசையில்தான் இருந்தார். கண்ணும் விரலும் மட்டும்தான் கருவி. 1965-ல் எஸ்.எம்.ஆர். என்ற மலேசிய ரப்பர்த் தர முறை வந்து, ரப்பரில் இருக்கிற அழுக்கை ஆய்வுக்கூடத்தில் எடைபோட்டுத் தரம் சொல்லத் தொடங்கியதை மாமா இன்றும் ஒரு அவமானமாகத்தான் பேசுவார். "குப்பைய நிறுத்துப் பாக்குறதுக்கு ஆள் எதுக்கு?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று சின்ன புட்டிகளோடு அவர் வீட்டுக்குப் போனேன். லாஃப்ராய்க், ஃபியூஷன், என் பங்கில் மிஞ்சிய 25. எது எதுவென்று சொல்லவில்லை, விலையும் சொல்லவில்லை. அத்தைக்குப் பிடிக்காது என்பதால் பின்வாசலில் உட்கார்ந்தோம். எங்கள் குடும்பத்தில் தண்ணி என்பது சிரித்துப் பேசுகிற விஷயம் அல்ல. தோட்டத்துக் கள்ளுக்கடை எத்தனை சம்பளத்தை விழுங்கியது என்று பாட்டி கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். 1947-ல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளுக்கு எதிராகத் திரண்டதைப் பேசும்போது மட்டும் அவர் குரல் நிமிரும். அந்தக் கூட்டத்தின் பேரன் 450 வெள்ளிக்குப் பங்கு போட்டுக் குடித்துவிட்டு மார்க்கைப் பற்றிக் கவலைப்படுகிறான். இதையும் எழுதாமல் விட்டால் இன்னொரு எண்ணை அழித்த மாதிரி ஆகிவிடும்.

மாமா லாஃப்ராய்க்கை மூக்குக்குக் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார். "டேய், என்னடா இது. கதவத் தொறந்த மாதிரி இருக்கு."

"எந்தக் கதவு மாமா?"

"ஸ்மோக்ஹவுஸ் கதவுடா. விடியக்காலயில தொறந்தா மூஞ்சில அடிக்கும் பாரு, அது."

கவித்துவமாகச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். பிறகு யோசித்தால் அது வெறும் கவிதை இல்லை. மரமோ சதுப்பு நிலத்துப் பீட்டோ புகையும்போது குவையகால் என்றொரு பொருள் வருகிறது. புகை வாசனையில் அதற்குப் பெரிய பங்கு. 2017-ல் ஸ்வீடனின் லினேயஸ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இருவர், விஸ்கியில் தண்ணீர் கலந்தால் இந்தக் குவையகால் மேல்பரப்புக்கு வருகிறது என்று கணினியில் மாதிரி செய்து காட்டினார்கள். நாலு சொட்டு விட்டு மறுபடி நீட்டினேன். "இப்ப ரோலர் பக்கத்துல நிக்கிறேன்" என்றார். ஸ்காட்லாந்தின் ஒரு தீவில் பார்லிக்குப் போட்ட புகை, கெடாவில் இப்போது வீடமைப்புப் பகுதி ஆகிவிட்ட ஒரு தோட்டத்தின் கதவைத் திறந்தது. பத்து வருஷமாக லாஃப்ராய்க் குடிக்கிற எனக்கு அது ஆஸ்பத்திரி வாசனையோடு நின்றுபோயிருந்தது.

ஃபியூஷனுக்கு, "நல்லா இருக்கு, இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றார். அதோடு சரி.

25-ஐக் குடிப்பதற்கு முன் கிளாஸை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். விஸ்கி பார்க்கிறவர்கள் பிடிக்கிற மாதிரி இல்லை. இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்து, கண்ணுக்கு ஒரு முழம் தள்ளி, லேசாகச் சாய்த்து. ஷீட்டுக்குள் குமிழ் இருக்கிறதா என்று பார்க்கிற பிடி. ஊசிமுனை அளவில் அங்கங்கே சிதறிய குமிழ் என்றால் ஒன்றாம் நம்பரில் மன்னிப்பு உண்டு, கொத்தாக இருந்தால் கீழே போகும் என்று சின்ன வயதில் எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். ஒரு மிடறு குடித்தார். நாக்கை மேலண்ணத்தில் தட்டிப் பார்த்தார். இன்னொரு மிடறு.

"இது பெரிய எடத்து சரக்குடா. ஆனா ரொம்ப நாள் உள்ளயே கெடந்துருச்சு. ரெண்டு நாள் கூடப் பொகையில விட்ட ஷீட்டு மாதிரி. பாக்க நல்லா இருக்கும், கறுத்துப் போயிருக்கும். ஒண்ணாம் நம்பர் கெடையாது."

"ரெண்டாம் நம்பரா?"

"ரெண்டு போடலாம்." கொஞ்சம் நிறுத்தி, "தொரை பக்கத்துல நின்னா ஒண்ணு போட்டுருவேன்" என்றார்.

நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. பெரிய துரையே நேரில் வந்து நின்ற ஒரு நாளைப் பற்றிச் சொன்னார். அந்த மாதம் ஒன்றாம் நம்பர் குறைவு. மேசையில் புகை கூடிப்போன ஒரு குவியல். துரை வாயைத் திறக்கவே இல்லை, பைப்பைப் பற்றவைத்துக்கொண்டு நின்றார். மாமா அதை ஒன்றாம் நம்பர் பக்கம் தள்ளினார். மறுநாள் விடிவதற்கு முன்னால் போய், பேல் கட்டுவதற்குள் அந்தக் குவியலை எடுத்துப் பிரித்து, பாதிக்கு மேல் இரண்டாம் நம்பரில் போட்டாராம்.

"துரை கேக்கலையா மாமா?"

"கேக்கல. அவருக்கும் கண்ணு இருக்குல்ல."

என் 81 கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "எத வச்சு அழிச்ச?" என்றார். பென்சிலில் இருந்த ரப்பர் என்றேன். அதற்குத்தான் அன்றைக்கு முதன்முதலாக வாய்விட்டுச் சிரித்தார். மிச்சமிருந்த 25-ல் சோடாவை ஊற்றினார். தலைக்கு 450 வெள்ளி என்று என் வயிறு ஒருமுறை புரண்டு படுத்தது. "இப்ப குடி" என்று நீட்டினார். குடித்தேன். பாக்கு போய்விட்டது; எலுமிச்சையும் சந்தனமும் மேலே வந்து, வெயிலுக்கு ஜில்லென்று, ரொம்ப நன்றாக இருந்தது. இதற்கு எத்தனை மார்க் என்று ஒரு கணம் யோசித்தேன். உள்ளேயிருந்து அத்தை சாப்பிடக் கூப்பிட்டார்.

போன வாரம் எங்கள் குழுவுக்கு அண்ணி அன்றைய தாள்களைப் படமெடுத்து அனுப்பியிருந்தார், ஒரு ஞாபகத்துக்கு என்று. என்னுடையதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 88-க்கு அடியில் ஒன்றின் குச்சி லேசாகத் தெரிகிறது. பென்சிலை நான் எப்போதும் அழுத்தித்தான் எழுதுவேன். இருபது வருஷமாக விடைத்தாள் திருத்துகிற அண்ணியின் கண்ணுக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. அப்புறம், அல்பத்தனம்தான், மற்றவர்களுடையதையும் பெரிதாக்கினேன். டாக்டர் தாளில் நான்காம் வரிசையில் ஒரு சாம்பல் தீற்றல் இருக்கிறது. கை பட்டதாகவும் இருக்கலாம். இன்னொருவருடையதிலும் ஏதோ.

பொதுவில் சொல்லிவிடலாம் என்று 'நாலாம் கிளாஸுக்கு நான் முதலில் போட்டது 81' என்று தட்டிக்கொண்டிருந்தேன். அதற்குள் அண்ணியிடமிருந்து அடுத்த கூட்டத்துக்கான செய்தி வந்துவிட்டது. தேதி, நேரம், உப்பில்லாத பிஸ்கட் யார் வாங்குவது, குடித்தவர்களை யார் காடியில் கொண்டுபோய் விடுவது. கடைசி வரி: 'எல்லாரும் ஆளுக்கொரு பேனா கொண்டு வரவும்.'

முதலில் கட்டைவிரல் போட்டவர் டாக்டர்.